மாட்டு இருதயமும் வீ.ஆர் கண்ணாடியும்



முந்தநாள் இரவு பழைய மாணவர் வட்ஸ்அப் குழுமத்தில் என்னைக் கேட்டிருந்தார்கள், "விஞ்ஞான சேர் மட்டும் ஏன் வாய் திறக்கிறார் இல்ல?" என்று. கோபத்தில் பேசாமல் இருக்கவில்லை. இது இரண்டு நிமிடக் குரல்பதிவில் சொல்லி முடிகிற விசயம் இல்லை, அவ்வளவுதான். எழுதினால் நீளும். நீளட்டும். பொறுமையுள்ளவர்கள் வாசியுங்கள். மற்றவர்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் என்னை நேரில் ஏசலாம்.

விசயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. கட்டாரிலும் சவூதியிலும் தொழில் செய்யும் எங்கள் பழைய மாணவர்கள், பாடசாலைக்கு ஒரு வீ.ஆர் அறை செய்து தர முன்வந்திருக்கிறார்கள். பன்னிரண்டு வீ.ஆர் கண்ணாடிகள், ஏசி, தரைக்கு விரிப்பு, வாசலில் பெயர்ப்பலகை. விஞ்ஞானப் பாடத்தை இனி அதில் படிப்பிக்கலாம் என்பது திட்டம். வீ.ஆர் என்றால் கண்ணை முழுதாக மூடுகிற ஒரு கண்ணாடி. போட்டதும் நீங்கள் இருக்கும் அறை மறைந்து, சந்திரனிலோ கடலுக்கடியிலோ நிற்பதுபோல் தெரியும். ஏ.ஆர் என்று இன்னொன்று இருக்கிறது. அதில் அறை மறையாது. போன் கெமராவை மேசைக்கு நேரே பிடித்தால், அந்த மேசையிலேயே ஒரு இருதயம் துடிப்பதுபோல் திரையில் தெரியும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் குழுமத்தில் பாதிச் சண்டை நடக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இதற்கு எதிரானவன் இல்லை. எங்கள் பாடசாலையில் வீ.ஆர் கண்ணாடியை முதன்முதலில் வகுப்புக்குள் கொண்டுபோனவனே நான்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னர் என் மச்சான் டோஹாவிலிருந்து லீவில் வரும்போது ஒன்று கொண்டுவந்திருந்தார். கெஞ்சி இரண்டு நாளைக்கு வாங்கினேன். தரம் 9இல் அப்போது மனிதனின் குருதிச் சுற்றோட்டத் தொகுதி பாடம். இருதயத்துக்குள்ளேயே போய்ப் பார்க்கலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தேன். அன்றைக்கு ஒரு பிள்ளைகூட லீவு எடுக்கவில்லை. 38 பேர். முதலாவதாகப் போட்ட மகன் "யா அல்லாஹ்" என்று கத்திவிட்டுக் கையை வீசியதில் கரும்பலகை டஸ்டர் பறந்து ஜன்னலுக்கு வெளியே போனது. வருடம் முழுக்க வாய் திறக்காத ஒரு பிள்ளை, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பக்கத்திலிருந்தவனிடம் ஐந்து நிமிடம் விடாமல் பேசினான். அதைப் பார்த்தபோது எனக்கும் கண் கலங்கியது. பொய் சொல்லவில்லை.

பிறகுதான் கணக்கு வந்தது. ஒருவருக்கு மூன்று நிமிடம். 38 பேருக்கு 114 நிமிடம். எங்கள் பாடவேளை 40 நிமிடம். ஒரு சுற்று முடியவே மூன்று பாடவேளை போய்விட்டது. ஒருவர் இருதயத்துக்குள் இருக்கும்போது மற்ற 37 பேரும் கதவுக்கு வெளியே வரிசையில் நின்று சத்தம் போட்டார்கள். பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து முறைத்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் கேட்டேன். "வலது இதயவறையின் சுவர் தடிப்பா, இடது இதயவறையின் சுவர் தடிப்பா? ஏன்?" சாதாரண தர வினாத்தாளில் வரக்கூடிய கேள்விதான். ஒருவருக்கும் தெரியவில்லை. "என்னதான் பார்த்தீங்க?" என்று கேட்டேன். ஒரு மகள் எழும்பிச் சொன்னாள்: "செவப்பா, பெரிசா இருந்திச்சி சேர். பயமா இருந்திச்சி. நல்லா இருந்திச்சி."

அந்தப் பிள்ளையில் பிழை இல்லை. மூன்று நிமிடத்தில் நானும் அதைத்தான் பார்த்திருப்பேன்.

அந்தக் கிழமையே சந்தையில் மாட்டிறைச்சிக் கடைக் காக்காவிடம் போனேன். ஒரு முழு இருதயம் வேண்டும், கீறாமல், மேலே இருக்கிற குழாய்களை ஒட்ட வெட்டாமல் வேண்டும் என்றேன். "கறிக்கா சேர்?" என்றார். "படிப்பிக்க" என்றேன். சிரித்தார். ஆனால் அடுத்த நாள் சுபஹுக்குப் பிறகு போனபோது, குழாய்கள் நான்கு விரல் நீளத்துக்கு விட்டபடி பொலித்தீன் பையில் தனியாகக் கட்டி வைத்திருந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். அவருடைய மகள் எங்கள் பாடசாலையில் தரம் 7.

மேசையில் பழைய பத்திரிகை விரித்து, ஒரு தட்டில் வைத்தேன். நான்கு குழுவாகப் பிரித்துக் கிட்ட வரச் சொன்னேன். முதலில் மூக்கைப் பொத்தினார்கள். பிறகு ஒருவன் விரலால் அமத்தினான். "சேர், இது ரப்பர் மாதிரி இரிக்கி." அதன்பிறகு எல்லோருக்கும் தொட வேண்டும். பெருநாடிக்குள் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினேன். கீழே இதயவறைக்குள் இறங்கவில்லை. மேலேயே நின்றது. "ஏன் இறங்குது இல்ல?" என்று நான் கேட்கவில்லை, அவர்கள் கேட்டார்கள். உள்ளே எட்டிப் பார்த்தபோது மூன்று சிறு பைகள்போல் வால்வு மூடியிருப்பது தெரிந்தது. வால்வு என்ற சொல்லை அதுவரை மனப்பாடம் செய்திருந்த பிள்ளைகள், அன்றைக்குத்தான் அதன் வேலையைக் கண்டார்கள்.

பிறகு வெட்டினேன். இடது பக்கச் சுவர் வலது பக்கத்தைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு தடிப்பம். அடிமட்டத்தை வைத்து அவர்களே அளந்தார்கள். வலது பக்கம் பக்கத்திலிருக்கிற நுரையீரலுக்குத்தான் இரத்தத்தை அனுப்புகிறது, இடது பக்கம் உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை அனுப்ப வேண்டும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் நின்ற ஒருத்தி, "அப்ப அதுக்குத்தான் சதை கூட" என்றாள். வால்வைப் பிடித்திருக்கிற வெள்ளை நூல்களை இழுத்துப் பார்த்தார்கள். அறுபடவில்லை. பார்க்க மாட்டேன் என்று ஜன்னலோரம் நின்ற இரண்டு பிள்ளைகளை நான் வற்புறுத்தவில்லை. அவர்கள் மற்றவர்கள் சொல்லச் சொல்லப் படம் கீறினார்கள்.

இவ்வளவுக்கும் இரண்டு பாடவேளை. செலவு, கையுறைக்கும் டெட்டோலுக்கும் மட்டும்.

கதை இங்கே முடிந்தால் "வீ.ஆர் வேண்டாம், மாட்டு இருதயம் போதும்" என்று நான் சொல்வதாக நினைப்பீர்கள். அப்படியில்லை. வெட்டி வைத்த இருதயம் துடிக்காது. எந்த அறை முதலில் சுருங்குகிறது, வால்வு எந்த நேரத்தில் திறக்கிறது, இரத்தம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைத் தட்டில் கிடக்கும் இறைச்சியில் காட்ட முடியாது. அதனால் அடுத்த பாடவேளையில் என் போனில் ஒரு இலவச ஏ.ஆர் செயலியைத் திறந்து அதே மேசையில் துடிக்கிற இருதயத்தைக் காட்டினேன். இந்தத் தடவை அவர்கள் பார்த்த விதமே வேறு. "சேர் நிப்பாட்டுங்க, அந்தப் பக்கம் திருப்புங்க, நேத்துப் பார்த்த நூல் எங்க?" என்று எனக்குக் கட்டளை போட்டார்கள். ஜன்னலோரம் நின்ற இரண்டு பேரும் இப்போது முன்வரிசையில். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்த பிறகுதான் அந்தத் திரை அவர்களுக்குப் பிரயோசனப்பட்டது.

இது என் வகுப்பில் மட்டும் நடந்த விசயமில்லை. 2018இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்தில் பரோங், மேயர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கிட்டத்தட்ட இதையே சோதித்தார்கள். குருதிக்குள் பயணம்போய் கலங்களைப் பார்க்கிற ஒரு வீ.ஆர் பாடம் ஒரு குழுவுக்கு. அதே விசயம் சாதாரண லப்டொப் ஸ்லைடுகளாக மற்றக் குழுவுக்கு. வீ.ஆர் பார்த்தவர்களுக்கு ஆர்வம் அதிகம், ஆனால் பரீட்சையில் ஸ்லைடு பார்த்தவர்கள்தான் கூடப் புள்ளி எடுத்தார்கள். அவர்கள் இன்னொன்றையும் செய்து பார்த்தார்கள். வீ.ஆர் பாடத்தைத் துண்டு துண்டாக நிறுத்தி, ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும் பார்த்ததைச் சொந்த வசனத்தில் எழுதவைத்தபோது விளங்கிக்கொண்டது கூடியது. அடுத்த வருடம் கொப்பன்ஹேகனைச் சேர்ந்த மக்ரான்ஸ்கியும் அதே மேயரும் வெளியிட்ட ஆய்வில், ஆய்வுகூடப் பயிற்சி ஒன்றைக் கணினித் திரையில் செய்தவர்களைவிடக் கண்ணாடி போட்டுச் செய்தவர்களுக்கு "அங்கேயே இருப்பதுபோன்ற" உணர்வு கூடவாக இருந்தது, கற்றது குறைவாக இருந்தது. ஆக, கண்ணாடி தானாகப் படிப்பிக்காது. பார்க்கிறதை நிறுத்தி, கேள்வி கேட்டு, எழுதவைக்க ஒரு ஆள் வேண்டும். பன்னிரண்டு பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு வேறு வேறு உலகத்தில் இருக்கும்போது அந்த ஆள் என்ன செய்வார் என்பதுதான் என் கேள்வி.

அப்படியானால் இதனால் எங்களுக்கு எங்கே பிரயோசனம்? கையால் தொட முடியாதது, மேசைக்குக் கொண்டுவர முடியாதது எதுவோ அங்கே. அணு. மூலக்கூற்றின் வடிவம். எரிமலை. சூரியத் தொகுதி. 2025 செப்டெம்பர் 7ஆம் திகதி இரவு முழுச் சந்திர கிரகணம் வந்ததே, ஞாபகம் இருக்கும். பதினொரு மணிபோல் சந்திரன் முழுதாகச் சிவந்தது. அதற்கு முதல் கிழமை வகுப்பில் ஏ.ஆரில் சூரியன், பூமி, சந்திரன் மூன்றையும் மேசைமேல் வைத்துச் சுற்றவிட்டேன். பூமியின் நிழல் எங்கே விழுகிறது, சந்திரன் ஏன் ஒவ்வொரு பௌர்ணமியிலும் அதற்குள் மாட்டுவதில்லை என்று பிள்ளைகள் மேசையைச் சுற்றி நடந்து நடந்து பார்த்தார்கள். சந்திரனின் பாதை ஐந்து பாகை சாய்ந்திருக்கிறது என்பதைக் கரும்பலகையில் எத்தனை தடவை கீறியும் விளங்கவைக்க முடியாமல் இருந்தவன் நான். அன்றைக்குப் பத்து நிமிடத்தில் விளங்கியது. பிறகு அந்த இரவில் மொட்டைமாடியிலும் கடற்கரையிலும் வாப்பா உம்மாவோடு உட்கார்ந்து உண்மையான சந்திரனைப் பார்த்தார்கள். சில வாப்பாமார் எனக்கு அழைத்து, "சேர், எங்கட புள்ள எங்களுக்குப் படிப்பிக்கான்" என்றார்கள். இப்படியான பாவனைக்கு நான் எப்போதும் ஆதரவு. அதற்கு எனக்குத் தேவைப்பட்டது ஒரு போன்.

இனி அந்த அறைக்கு வருவோம். விலையைப் பற்றிக் குழுமத்தில் பலர் பலமாதிரிச் சொல்கிறார்கள். இப்போது மலிவானது என்று பேசப்படும் மெட்டா குவெஸ்ட் 3எஸ், 2024இல் வெளிவந்தபோது அமெரிக்காவில் 299 டொலரிலிருந்து ஆரம்பித்தது. டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் ஒன்று கிட்டத்தட்ட தொண்ணூறாயிரம். பன்னிரண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல். இறக்குமதி வரி, ஏசி, மின்கட்டணம் எல்லாம் இதற்கு வெளியே. நின்று நடந்து பாவிக்க ஒருவருக்கு ஆறரை அடிக்கு ஆறரை அடி இடம் வேண்டும் என்பது தயாரித்த கம்பனியே சொல்வது. எங்கள் வகுப்பறை 20 அடிக்கு 20 அடி. பன்னிரண்டு பேருக்கே இடம் காணாது. உட்கார்ந்து பார்க்கலாம்தான். மற்ற 26 பேரும் அப்போது எங்கே உட்காருவார்கள்?

நம்முடைய பிள்ளைகளுக்கென்றே சில விசயங்கள் இருக்கின்றன. கொழும்பில் கண்காட்சி வைத்து விற்பவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். பர்தாவுக்கு மேலே அந்தப் பட்டியைப் போட்டால் வழுக்குகிறது. இறுக்கினால் பர்தா குலைகிறது. அன்றைக்கு என் வகுப்பில் பல பெண் பிள்ளைகள் கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டேதான் பார்த்தார்கள். அரைக் கிலோ பாரம், கை கடுத்துவிட்டது என்றார்கள். அதைவிடப் பெரியது, கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி நடு வகுப்பில் நிற்கிற பிள்ளையைச் சுற்றி யார் நிற்கிறார்கள், யார் போனில் எடுக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. ஆண் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் அடுத்த சுற்றை ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக வைத்தேன், போனை எடுப்பதைத் தடைசெய்தேன். இதையெல்லாம் அறை கட்டுவதற்கு முன்னர் பேச வேண்டும்.

வயது விசயமும் உண்டு. இந்தக் கண்ணாடிக்கு முதலில் 13 வயது எல்லை இருந்தது. 2023இல் பெற்றார் கட்டுப்பாட்டுடன் 10 வயது என்று மாற்றினார்கள். தரம் 6 பிள்ளைகளுக்கு 11 வயதுதான். அவர்களின் இரு கண்களுக்கும் இடையிலான தூரம் பெரியவர்களைவிடக் குறைவு, வில்லைகள் செய்யப்பட்டதோ பெரியவர்களை மனதில் வைத்து. இன்னொன்று, கண்ணாடிக்குள் மலை தூரத்தில் தெரியும், கை கிட்டத்தில் தெரியும். ஆனால் ஒளி வருவது எப்போதும் ஒரே தூரத்திலிருக்கிற திரையிலிருந்து. கண்கள் இரண்டும் கிட்டத்துக்குத் திரும்பும், வில்லை வேறு தூரத்துக்குக் குவியும். கண் களைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அன்றைக்கு என் வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்குக் குமட்டியது. ஊரில் கண்நோய் வந்தால் அந்தப் பன்னிரண்டு கண்ணாடிகளும் பூட்டிவைக்கப்பட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மச்சானின் கண்ணாடியில் இருந்த படங்களில் ஒன்று, கடலலை எழும்பி உங்கள்மேல் விழுவது. பிள்ளைகளுக்குக் கொடுக்க முன் நான் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். அதைப் போட்டு இரண்டு செக்கனில் கழற்றிவிட்டேன். 2004 டிசம்பர் 26இல் இந்தக் கரையில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். இன்று என்னிடம் படிக்கும் பிள்ளைகள் அப்போது பிறக்கவில்லை. ஆனால் அவர்களின் உம்மாமார், மூத்தம்மாமார் பிறந்திருந்தார்கள். வெளிநாட்டில் விளையாட்டுக்குச் செய்த ஒரு படத்தை யாராவது ஒருவர் முன்கூட்டிப் பார்க்காமல் எங்கள் பிள்ளைகளின் முகத்தில் மாட்டக்கூடாது.

மொழியை மறந்துவிடாதீர்கள். நான் பார்த்த பாடங்கள் எல்லாமே ஆங்கிலக் குரல். "வென்ட்ரிக்கிள்" என்று அது சொல்கிறது, வினாத்தாள் "இதயவறை" என்று கேட்கிறது. ஆங்கிலம் படிக்கட்டும், நல்லதுதான். ஆனால் கருத்தும் புதிது, மொழியும் புதிது என்றால் பிள்ளை படத்தை மட்டும் பார்க்கும். கொலராடோ பல்கலைக்கழகம் நடத்துகிற "ஃபெட்" என்ற இலவசத் தளத்தில் மின்சுற்று, ஒளி முறிவு, அணு அமைப்பு எல்லாவற்றையும் திரையில் நாமே மாற்றி மாற்றிச் செய்து பார்க்கலாம். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது. சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பே இருக்கிறது. இறக்கி வைத்துக்கொண்டால் இன்டர்நெட் இல்லாமலும் வேலை செய்யும். கண்ணாடி தேவையில்லை. எங்கள் கணினி அறையில் ஓடுகிற எட்டுக் கணினிகளே போதும். இதைப் பற்றிக் குழுமத்தில் மூன்று தடவை போட்டேன். ஒரு லைக்.

இன்னொரு பயம் எனக்கு இருக்கிறது. 2015இல் கூகிள் "எக்ஸ்பெடிஷன்ஸ்" என்று பாடசாலைகளுக்கென்றே ஒரு வீ.ஆர் செயலியைக் கொண்டுவந்தது. உலகம் முழுக்க ஆசிரியர்கள் அதை நம்பிப் பாடங்கள் தயாரித்தார்கள். 2021 ஜூனில் அதை நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு பெரிய கம்பனி கையை விரித்தால் நாங்கள் யாரிடம் போவது? எங்கள் பாடசாலையிலேயே துணி போர்த்தியபடி ஒரு ஸ்மார்ட் போர்ட் இருக்கிறது. அதைத் திறந்துவைத்த அன்றைய படத்தில் நானும் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். பேனா தொலைந்தது, பிறகு புரொஜெக்டரின் பல்பு போனது, திருத்தப் பணம் யார் கணக்கில் என்று தெரியாமல் இன்னும் போர்த்தியபடியே இருக்கிறது. வாங்குவதற்கு எங்கள் ஊரில் எப்போதும் ஆள் உண்டு. பராமரிக்கத்தான் ஆள் இல்லை.

இதை எழுதத் தொடங்கியதே ஆய்வுகூடத்தைப் பற்றிச் சொல்லத்தான். கேட்கக் கசப்பாக இருக்கும். எங்கள் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் இரண்டு நுணுக்குக்காட்டிகள் இருக்கின்றன. கடற்காற்றின் ஈரத்தில் இரண்டின் வில்லைகளிலும் பூஞ்சணம் பிடித்துவிட்டது. வெங்காயத் தோலின் கலத்தைப் பார்க்க வைத்தால் பிள்ளை பார்ப்பது பூஞ்சணத்தை. தண்ணீர்க் குழாய் இருக்கிறது, தண்ணீர் வருவதில்லை. இரசாயனப் போத்தல்கள் பலவற்றில் லேபல் உரிந்துவிட்டது, எது எதுவென்று தெரியாமல் தொட எனக்கே பயம். ஆய்வுகூட உதவியாளர் ஓய்வுபெற்றுப் போன பிறகு அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. சாதாரண தர விஞ்ஞானத்துக்குச் செய்முறைப் பரீட்சை கிடையாது. அதனால் யாரும் இதைக் கேட்பதில்லை, புள்ளியும் குறைவதில்லை. தரம் 11 முடித்து உயர்தர விஞ்ஞானப் பிரிவுக்குப் போகிற எங்கள் பெண் பிள்ளைகளில் அளவியைக் கையால் பிடிக்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் போகும் இடத்தில் நகரப் பாடசாலைப் பிள்ளைகளோடு ஒரே மேசையில் நிற்க வேண்டும். முதல் மாதமே "எனக்கு இது சரிவராது" என்று கலைப் பிரிவுக்கு மாறிய இரண்டு பேரை எனக்குத் தெரியும். இரண்டு பேரும் கெட்டிக்காரிகள். வீ.ஆரில் அளவி பிடிக்கலாம், ஆனால் கண்ணாடி அளவியின் வாயைத் திறந்து ஒரு துளி, இன்னும் ஒரு துளி என்று விடும்போது விரல் நடுங்குகிறதே, நிறம் மாறுகிற அந்த ஒரு துளியில் மூச்சை அடக்குகிறோமே, அதை அந்தக் கண்ணாடி தராது. பிழையாக ஊற்றி, திரும்பத் தொடக்கத்திலிருந்து செய்கிற எரிச்சலையும் தராது. என் கணக்கில் அதுவும் விஞ்ஞானம்தான்.

ஆகவே வெளிநாட்டிலிருக்கும் என் தம்பிமாரிடம், என்னிடம் படித்துவிட்டுப் போனவர்களும் அதில் இருக்கிறீர்கள், உரிமையோடு கேட்கிறேன். அந்தப் பணத்தில் முதல் பங்கை ஆய்வுகூடத்துக்குத் தாருங்கள். நான்கு நல்ல நுணுக்குக்காட்டிகள், அவற்றை வைக்க ஈரம் உறிஞ்சும் ஒரு அலுமாரி, தண்ணீர்த் தொட்டி, புதிய இரசாயனப் பொருட்கள், பழையதைப் பாதுகாப்பாக அகற்றும் செலவு. உதவியாளர் நியமனம் வரும்வரை ஊரிலேயே படித்துவிட்டு இருக்கிற ஒரு பிள்ளைக்கு மாதச் சம்பளம். மிச்சத்தில் நல்ல கெமராவுள்ள டெப் ஐந்து வாங்குங்கள், குழுவுக்கு ஒன்று. வீ.ஆர் கண்ணாடி கட்டாயம் வேண்டும் என்றால் இரண்டு, தரம் 10, 11க்கு மட்டும். உங்கள் சங்கத்தின் பெயரை ஆய்வுகூட வாசலில் இன்னும் பெரிதாக எழுதலாம், நானே ஏணியில் ஏறி எழுதுகிறேன். நீல வெளிச்சம் வராது என்பது மட்டும் உண்மை.

இன்னொரு வேலையும் மனதில் இருக்கிறது. கூகிள் 2014இல் அறிமுகப்படுத்திய கார்ட்போர்ட் கண்ணாடியை மட்டைப்பெட்டியில் நாமே வெட்டிச் செய்யலாம். இரண்டு குவிவு வில்லை, பழைய போன் ஒன்று, அவ்வளவுதான். இரண்டு கண்ணுக்கும் சற்று வேறுபட்ட இரண்டு படங்களைக் காட்டினால் மூளை அதை ஆழமாகக் காணும் என்பதை வீட்ஸ்டன் 1838இலேயே செய்து காட்டிவிட்டார். அதைத்தான் இன்றைய விலையுயர்ந்த கண்ணாடியும் செய்கிறது. தரம் 9இல் கண்ணும் செவியும் என்று ஒரு பாடமே இருக்கிறது. அந்தப் பாடத்தில் பிள்ளைகள் தாங்களே கண்ணாடி செய்து, குவியத்தூரம் அளந்து, வில்லையை முன்னும் பின்னும் தள்ளிப் படம் தெளிகிற இடத்தைக் கண்டுபிடித்தால் எப்படியிருக்கும்? தகவல் தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளைகள் பாடங்களுக்குத் தமிழில் குரல் கொடுக்கட்டும். எங்கள் பிள்ளைகளுக்கு அது முடியும். போன வருடம் நபிவிழா மேடையில் குரல் கொடுத்த மகளை நீங்கள் கேட்டீர்கள்தானே.

குழுமத்தில் ஒருவர் "பழசைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறவர்கள்" என்று எழுதியிருந்தார். எனக்குத்தான் என்று விளங்கிக்கொண்டேன். தம்பி, மச்சான் மறுபடி லீவில் வருகிறார். நானே திரும்பவும் அந்தக் கண்ணாடியைக் கெஞ்சி வாங்கத்தான் போகிறேன்.

கூட்டம் வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு, பாடசாலைப் பிரதான மண்டபத்தில். பெற்றார்கள், குறிப்பாக உம்மாமார், கட்டாயம் வாருங்கள். வரும்போது கால் மணி முந்தி வந்து மண்டபத்துக்குப் போக முன் ஆய்வுகூடத்தை ஒருதரம் எட்டிப் பாருங்கள். சாவி என்னிடம்தான் இருக்கிறது, நான் வாசலில் நிற்பேன். நுணுக்குக்காட்டியில் ஒரு வெங்காயத் தோல் வைத்திருப்பேன். என்ன தெரிகிறது என்று நீங்களே பார்த்துவிட்டு உள்ளே வாருங்கள்.